இருபுறமும் கூரானது

சவப்பெட்டியை மூடுவதற்கு முன்னால் உள்ளே எதை வைப்பது என்று பெண்களுக்குள் பேச்சு முற்றிக்கொண்டிருந்தது. வெற்றிலை பாக்கு என்றாள் ஒருத்தி. கிருஷாந்தி வெற்றிலை போட்டதே கிடையாது. குடை என்றாள் இன்னொருத்தி. மழை நாளில் பள்ளிக்கூடத்துக்குப் பிடித்துப் போகும் நீலக் குடையைத் தேடி எடுத்து வந்து காலடியில் செருகினார்கள். அவளிடம் படித்த பிள்ளைகள் ஒரு பெட்டி சோக்குக்கட்டி கொண்டுவந்திருந்தார்கள். வெள்ளைச் சீருடையில் வாசலோரம் நின்ற அந்தப் பிள்ளைகளுக்கு அழலாமா கூடாதா என்று தெரியவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ஜீவா, நீ ஏதாச்சும் வைக்கிறதுன்னா வச்சுருப்பா. மூடப் போறாங்க,” என்றாள் நாகலெட்சுமி.

அவள் ஜீவராஜின் சின்னம்மா. தாய் போன பிறகு அந்த வீட்டில் நல்லதுக்கும் கெட்டதுக்கும் அவள் சொல்தான். நேற்று விடிந்ததிலிருந்து அழுவதையும் அதிகாரம் பண்ணுவதையும் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லாமல் செய்துகொண்டிருந்தாள்.

ஜீவராஜ் எழுந்தான். பிள்ளை இல்லாத வீடு. மனைவிக்குக் கொள்ளிக்குடம் தூக்க வேண்டியவன் கணவன்தான் என்று பெரியவர்கள் முடிவு செய்து, காலையிலேயே அவனுக்கு மீசையை வழித்து, ஈர வேட்டியைக் கட்டி உட்கார வைத்திருந்தார்கள். மலைக்காற்றில் வெற்று உடம்பு வெடவெடத்தது. எதை வைப்பது என்று யோசித்தபோது அவனுக்கு ஒரே ஒரு பொருள்தான் நினைவுக்கு வந்தது. உள்ளறை ஜன்னல் கட்டையில், அவளுடைய மருந்துகளோடு மருந்தாக நின்ற சின்னக் கண்ணாடிப் போத்தல்.

அதைப் பெட்டியில் வைக்க முடியாது. வைக்கவும் கூடாது. “காஞ்சு போக மட்டும் விட்டுறாதீங்க” என்று அவள் போன கிழமைகூடச் சொன்னாள். குரலே வராத நிலையில் அவள் முழுசாகச் சொல்லி முடித்த கடைசிப் பேச்சு அதுதான். ஆனாலும் ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம் என்று உள்ளே போனான்.

ஜன்னல் கட்டை வெறுமையாக இருந்தது. கட்டிலில் பாயும் இல்லை, தலையணையும் இல்லை. சாணித் தண்ணீர் தெளித்துத் துடைத்த ஈரம் மட்டும் மினுங்கியது.

“சின்னம்மா, இங்க இருந்த சாமானெல்லாம் எங்க?”

“எதுப்பா?”

“ஜன்னல்ல இருந்தது. போத்தலு.”

“பாயி, தலகாணி, மருந்து, எல்லாத்தையும் கூட்டி அள்ளி உர பேக்குல போட்டு வாயக் கட்டியாச்சு. முத்துலிங்கம் குழிவெட்டுற ஆளுங்களோட கொண்டுபோயிட்டான்.”

நோயில் கிடந்து செத்தவர்களின் பாயும் தலையணையும் மருந்தும் உடல் வெளியே போகும் முன் வீட்டைவிட்டுப் போய்விட வேண்டும். மயானத்து ஓரத்தில் எறிந்துவிடுவார்கள். தோட்டத்தின் எல்லா லயத்து வரிசை வீடுகளிலும் நடப்பதுதான். ஜீவராஜின் அம்மா செத்தபோது அவனே கொண்டுபோய் எறிந்திருக்கிறான்.

“அதுல ஒரு சின்னப் போத்தலு, உள்ள வெள்ளையா…”

“மருந்துப் போத்தலு அத்தனையுந்தாம்பா போட்டேன்,” என்றாள் நாகலெட்சுமி. பிறகு அவன் தலையைத் தடவி, அழுகை பொங்க, “இனி யாருக்குப்பா மருந்து?” என்றாள்.

வாசலில் தப்பு மேளம் உரத்தது. பெட்டியை மூடும் சத்தம் கேட்டது. பெண்கள் ஓவென்று எழுந்தார்கள். அவன் கடைசியாக ஒருமுறை அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று நினைத்திருந்தான். அந்த நேரம் ஜன்னல் கட்டையைப் பார்ப்பதில் போய்விட்டது.

*

மயானம் தோட்டத்தின் கீழ்க்கோடியில், தேயிலை முடிந்து டர்பன்டைன் மரங்கள் தொடங்கும் இடத்தில் இருந்தது. வீட்டிலிருந்து இறங்கி, தொழிற்சாலை வளைவு சுற்றிப் போக வேண்டும். தோளில் குடத்தோடு பெட்டிக்கு முன்னால் நடந்தான் ஜீவராஜ். பதினைந்து வருஷமாகக் கொழுந்து லொறி ஓட்டும் பாதை. ஒவ்வொரு பள்ளமும் அவனுக்குப் பாடம். இன்றைக்குக் கால் வைத்து நடக்கும்போதுதான் இவ்வளவு நீளமா என்று தோன்றியது.

அவனுக்குப் பக்கத்தில் திலக்ஷன் நடந்தான். கிருஷாந்தியின் தம்பி. வத்தளையில் இரும்புக்கடையில் வேலை. நேற்று இரவு பஸ்ஸில் வந்து இறங்கியவன், அக்காவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதான், பிறந்த வீட்டுக் கோடிச் சேலையைப் போர்த்தினான், பெட்டிக்கும் பந்தலுக்கும் ஓடியாடினான். ஜீவராஜிடம் மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. பழைய கோபம். ‘டீச்சருக்குப் படிச்ச அக்காவுக்கு லொறிக்காரனா? அதுவும் பொழுது சாஞ்சா நிதானமில்லாத லொறிக்காரனா?’ என்று கேட்டுவிட்டுக் கலியாணத்துக்கே வராமல் இருந்தவன். அப்போது அவன் கேட்டதில் பிழையும் இல்லை. அன்றைக்கு ஜீவராஜ் அப்படித்தான் இருந்தான்.

தப்புக்காரர்கள் வளைவில் நின்று அடித்தார்கள். ஊர்வலம் நின்றது. ஜீவராஜ் தோளில் குடத்தை மாற்றிக்கொண்டு, திருகோணமலையை நினைத்தான்.

கலியாணமாகி வந்த முதல் பள்ளி விடுமுறை. கடலுக்குப் போவோம் என்று அவள் சொன்னபோது, புதுப்பெண் ஆசைப்படுகிறாள் என்று நினைத்துச் சம்மதித்தான். பைக்குள் உடுப்போடு வீட்டு மாவரிக்கும் அரிதட்டையும் அவள் வைத்ததைக் கண்டபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். கடலைக் கண்டதும் மற்றப் பெண்கள் அலையில் நின்று படம் எடுத்தார்கள். இவள் முழங்கால் தண்ணீரில் குனிந்து, இரண்டு கையாலும் மணலை அள்ளி, அரிதட்டில் போட்டு அலசத் தொடங்கினாள். அன்று முழுவதும் அதே வேலை. மறுநாளும் அதே வேலை. அவன் கரையில் அவளுடைய செருப்பையும் குடையையும் பிடித்துக்கொண்டு நின்றான். போகிற வருகிறவர்கள் விசாரித்தார்கள். தாலி தொலைந்துவிட்டது என்று யாரோ கிளப்பிவிட, இரண்டு மீன்காரர்களும் அவர்களுடைய பெண்சாதிகளும் தண்ணீரில் இறங்கி மும்முரமாகத் தேடினார்கள். இல்லை இல்லை, தாலி கழுத்தில்தான் இருக்கிறது என்று இவன் கத்தியதை யாரும் கேட்கவில்லை.

கடைசியில் அது அவளுக்குத்தான் கிடைத்தது. “என்னங்க! என்னங்க!” என்று அவள் கூவியதைக் கேட்டு, எதுவோ கடித்துவிட்டது என்று உடுப்போடு தண்ணீருக்குள் ஓடினான். அவள் உள்ளங்கையில் ஒரு சிறு துண்டு துடித்தது. சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. உற்றுப் பார்த்தால்தான் உடம்பு தெரிந்தது. அதற்குப் பின்னால் அவள் கைரேகையும் தெரிந்தது.

“இதுக்கா?” என்றான்.

“இதுக்குத்தான்! அம்பியொக்சஸ். எத்தன வருஷமா போர்ட்ல படம் வரைஞ்சு வரைஞ்சு பாடம் எடுத்திருக்கேன், கண்ணால பாத்ததில்ல. புழுவெல்லாம் முள்ளந்தண்டிலி. மீன், தவள, நாம எல்லாம் முள்ளந்தண்டுளி. இது ரெண்டுக்கும் நடுவுல நிக்குது. முதுகெலும்பு கெடையாது. ஆனா முதுகெலும்பு வரவேண்டிய எடத்துல ஒரு நாண் ஓடுது பாருங்க.”

“மீன்குஞ்சு மாதிரி இருக்கு.”

“மீன் இல்லங்க. மீன்னு சொன்னா மார்க்ஸ் கெடைக்காது.”

“இதுல எது தல, எது வாலு?”

அவள் சிரித்தாள். “ரெண்டு பக்கமும் கூர். கிட்ட வச்சுப் பாத்தாத்தான் தெரியும். தலைய மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு மண்ணுக்குள்ளயே கெடக்கும். பாவம், கண்ணுன்னு சொல்ல ஒண்ணும் இல்ல.” கொண்டுவந்திருந்த சின்னப் போத்தலை எடுத்தாள். திறந்தாள். முகம் மாறியது. “ஸ்பிரிட் எடுத்து வைக்க மறந்துட்டேங்க.”

“இப்ப என்னா செய்ய?”

“உங்ககிட்ட இருக்கில்ல, அதக் குடுங்க.”

“எங்கிட்ட என்னா இருக்கு?”

“பேக்குல. சாரத்துக்குள்ள சுத்தி வச்சிருக்கீங்களே, அந்தக் கால் போத்தல்.”

அவளுக்குத் தெரியாது என்றுதான் அதுவரை அவன் நினைத்திருந்தான். போய் எடுத்து வந்து கொடுத்தான். அவள் சாராயத்தைச் சின்னப் போத்தலில் விளிம்பு வரை ஊற்றி மூடினாள். மிச்சத்தை அவனிடமே நீட்டினாள். கோபமாக இல்லை, குத்திக்காட்டவும் இல்லை. கடையில் மிச்சக்காசு கொடுப்பவர்கள் நீட்டுவார்களே, அப்படி நீட்டினாள். அவள் முகத்தில் மணலும் உப்பும் அப்படியொரு சந்தோஷமும் இருந்தன. அந்த முகத்துக்கு முன்னால் வாய் நாற நிற்க அவனுக்குப் பிடிக்கவில்லை. மிச்சத்தைக் கடலில் ஊற்றினான். அன்றைக்கு விட்டதுதான். ஏன் விட்டாய், எப்படி விட்டாய் என்று தோட்டத்தில் கேட்டவர்களுக்கு அவன் சொன்ன பதில்கள் எல்லாமே வேறு.

இந்தச் சங்கதி திலக்ஷனுக்குத் தெரியாது. பேசிக்கொண்டிருந்தால்தானே தெரியும்.

ஊருக்கு வந்ததும் அவள் சாராயத்தை மாற்றி நல்ல ஸ்பிரிட் ஊற்றினாள். வருஷத்துக்கு ஒரு நாள், அந்தப் பாடம் வரும்போது, போத்தலைச் சேலைத் தலைப்பில் சுற்றிப் பள்ளிக்குக் கொண்டுபோவாள். சாயந்தரமே திருப்பிக் கொண்டுவந்துவிடுவாள். கொஞ்சம் கொஞ்சமாக ஸ்பிரிட் இறங்கும், நிரப்புவாள். அவள் நோயில் படுத்த பிறகு அந்த வேலை ஜீவராஜுக்கு வந்தது. நோயாளிக்கு அவன் செய்ததில் மருந்து கொடுப்பதும், கஞ்சி ஊட்டுவதும், தூக்கி உட்கார்த்துவதும் யாரும் செய்யக்கூடியவை. இது அவன் மட்டும் செய்வது. ஊற்றி மூடிவிட்டு வெளிச்சத்தில் தூக்கிக் காட்டுவான். அவள் தலையை ஆட்டுவாள்.

அவள் இருந்தவரை உலகத்தில் எதற்கும் அவனிடம் பதில் இருந்தது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் பெண்கள் அவனை மறித்துக் கேட்பார்கள். அட்டை கடித்த இடம் புண்ணாகிவிட்டதே, என்ன போட? பிரஷர் குளிசையைச் சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா? மகள் கணிதம் எடுக்கட்டுமா, உயிரியல் எடுக்கட்டுமா? எல்லாவற்றுக்கும் அவன், “கேட்டுச் சொல்றேன்” என்பான். மறுநாள் அவளிடம் கேட்டு வந்து சரியாகச் சொல்லியும் விடுவான். தொழிற்சாலைப் பையன்கள் அவனுக்குக் ‘கேட்டுச்சொல்லி’ என்றே பேர் வைத்திருந்தார்கள். அந்தப் பேரில் அவனுக்கு உள்ளூரப் பெருமைதான்.

தப்பு மறுபடி நகர்ந்தது. வளைவைத் தாண்டியபோது தூறல் பிடித்தது.

*

பெட்டியை இறக்கி, மூன்று கைப்பிடி மண் போட்டு, மற்றவர்கள் மண்வெட்டியால் தள்ளி மூடினார்கள். ஜீவராஜ் குடத்தோடு சுற்றி வந்தான். ஒவ்வொரு சுற்றுக்கும் முத்துலிங்கம் கத்தி நுனியால் குடத்தில் ஓட்டை போட்டான். முதுகில் தண்ணீர் வழிந்தது. முத்துலிங்கம் மரண உதவிச் சங்கத்தின் தலைவன். மலையில் யார் செத்தாலும் குழியிலிருந்து சாராயம் வரை அவன் பொறுப்பு.

“பின்னால போட்டு ஒடைச்சிட்டு நேரா நட,” என்றான் முத்துலிங்கம். “யார் கூப்பிட்டாலும் திரும்பாத. திரும்பிப் பாக்கவே கூடாது, வெளங்குதா?”

குடம் உடைந்தது. இரண்டு பேர் அவன் புஜங்களைப் பிடித்து நடத்தினார்கள். மயானத்து எல்லைக் கல் வரை அவன் ஒழுங்காகத்தான் நடந்தான். உர பேக்கை அவன் வரும்போதே கண்டுவிட்டான். குழிக்கு அப்பால், தண்ணீர் ஓடும் கான் ஓரத்தில், டர்பன்டைன் வேரில் சாய்ந்து கிடந்தது. இப்போது அது அவன் முதுகுக்குப் பின்னால் இருந்தது. இன்றைக்கு விட்டால் நாளைக்கு நாய் இழுக்கும், மழை அடிக்கும். மூடியை யார் சரியாக மூடியிருப்பார்கள்? காய்ந்துவிடும்.

எல்லைக் கல்லில் கால் வைத்தவன் திரும்பினான்.

“ஐயோ, பாத்துட்டான்!” என்றார் யாரோ ஒரு பெரியவர்.

பார்த்தது மட்டுமல்ல, நடக்கவும் தொடங்கினான். பிடித்திருந்த இரண்டு பேரும் உதறலில் விலகினார்கள். குழிக்குள் விழப் போகிறான் என்று நினைத்து முத்துலிங்கம் குறுக்கே பாய்ந்து நெஞ்சைக் கட்டிப் பிடித்தான்.

“ஜீவா, வேணாம்பா. போனவ போயிட்டா. மனசத் தேத்திக்க.”

“விடுண்ணே. அந்த பேக்கு.”

“எந்த பேக்கு?”

ஜீவராஜ் அவனைத் தள்ளிக்கொண்டு புதுமண்ணைச் சுற்றிப் போய், கான் ஓரத்தில் முழங்காலிட்டு பேக்கின் கட்டை அவிழ்க்கப் பார்த்தான். அவிழவில்லை. சின்னம்மா போட்ட முடிச்சு. பல்லால் கடித்து இழுத்தான். எறிந்த பொருளைத் திரும்ப எடுப்பதை அந்த மலையில் யாரும் கண்டதில்லை.

“எறிஞ்சத எடுக்கக் கூடாதுப்பா,” என்று முத்துலிங்கம் கெஞ்சினான். “அவளுக்குன்னு குடுத்தாச்சு.”

பாயை இழுத்து வெளியே போட்டான். தலையணை வந்தது. அதில் தைல வாசமும் அவள் தலை வாசமும் இருந்தன. அதைக் கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொண்டான். வைத்துக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. பிறகு கையை அடி வரை விட்டுத் துழாவினான். சிரப் போத்தல்கள், குளிசை அட்டைகள், பாதி தைலம். கடைசியில் அது கைக்கு வந்தது. மூடி கழன்றிருந்தது. ஸ்பிரிட் முழுவதும் தலையணை உறை குடித்துவிட்டது. அடியில், கண்ணாடியோடு ஒட்டி, அது ஒரு வெள்ளைக் கோடாகக் கிடந்தது. விரல் நுனியால் தொட்டான். இன்னும் ஈரம் இருந்தது.

பேக்கில் தேடி மூடியை எடுத்து மூடினான். பாயையும் தலையணையையும் ஒழுங்காகத் திரும்ப உள்ளே வைத்து வாயைக் கட்டினான். எழுந்து, போத்தலைக் கைக்குள் பொத்திக்கொண்டு நடந்தான். இந்த முறை திரும்பிப் பார்க்கவில்லை. புத்தி பேதலித்துவிட்டது, பாவம் என்று கூட்டம் வழிவிட்டது. திலக்ஷன் மட்டும் அவன் மூடிய கையை உற்றுப் பார்த்தான்.

*

மயானத்துக்குப் போனவர்கள் வீட்டுக்குள் நுழையும் முன் தலை முழுகப் பீலிக்குப் போனார்கள். லயத்துக்குக் கீழே, மலையிடுக்கிலிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் கொட்டும் இடம் அது. குளிர் எலும்பைத் தொடும். அதனால்தான் குழி வெட்டியவர்களுக்கு அங்கே வைத்தே சாராயம் கொடுப்பது வழக்கம். வெட்டியவர்கள் கேட்பதும் இல்லை, கொடுப்பவர்கள் மறப்பதும் இல்லை.

பந்தல் சாமானோடு சாமானாக இரண்டு போத்தல் வாங்கி வைத்திருந்தவன் திலக்ஷன். “ஜீவா கண்ணுல படாமப் பாத்துக்க” என்று நாகலெட்சுமி அவனிடம் காதோடு சொன்னதை ஜீவராஜ் காலையில் கேட்டிருந்தான். கேட்காத மாதிரி உட்கார்ந்திருந்தான். இப்போது திலக்ஷன் பீலியின் சிமெந்துக் கட்டின் மேல் நின்று, பிளாஸ்டிக் கப்பில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தான். குழி வெட்டியவர்கள் ஒரே மடக்கில் குடித்து, கப்பைக் கவிழ்த்து உதறி, அடுத்த ஆளிடம் நீட்டினார்கள். வெயில் இல்லாவிட்டாலும் நல்ல வெளிச்சம் இருந்தது.

ஜீவராஜ் தண்ணீருக்குள் போகவில்லை. வரிசையில் கடைசி ஆளாகப் போய் நின்றான்.

முதலில் திலக்ஷன் அவனைக் கவனிக்கவில்லை. கப்பை நீட்டிவிட்டு, யாரென்று பார்த்து, கையை இழுத்துக்கொண்டான்.

“எனக்கும் கொஞ்சம் ஊத்து மச்சான்,” என்றான் ஜீவராஜ்.

சோப்புப் போட்டுக்கொண்டிருந்தவர்கள்கூடக் கையை நிறுத்தினார்கள்.

“அக்காவ மண்ணுல வச்சுட்டு வந்து நீங்க இன்னும் தலகூட நனைக்கல,” என்றான் திலக்ஷன்.

“குடிக்கக் கேக்கல.”

“பின்ன?”

ஜீவராஜ் கையைத் திறக்க நினைத்தான். இத்தனை ஆண்கள் முன்னால் திறக்க மனம் வரவில்லை. “மீனுக்கு,” என்றான்.

யாரோ பக்கென்று சிரித்து, சாவு வீடு என்பது நினைவுக்கு வந்து, இருமினார்கள். ஜீவராஜுக்கு அவர்கள்மேல் கோபம் வரவில்லை. வேறு ஆள் இப்படிக் கேட்டிருந்தால் அவனும் சிரித்திருப்பான். மீன் என்று சொன்னது பிழை என்பதும் அவனுக்கு உறைத்தது. மார்க்ஸ் கிடைக்காது.

“மீன் இல்ல…” என்று தொடங்கினான். அதுவும் இல்லை, இதுவும் இல்லை என்று சொல்லப் போனால் இன்னும் மோசமாகும். நிறுத்திக்கொண்டான்.

“மச்சான், கொஞ்சம் போதும். ரெண்டு விரல் அளவு.”

“எங்கக்கா உங்களால எத்தன பேச்சு வாங்குனா தெரியுமா?” திலக்ஷனின் குரல் உடைந்தது. “எங்கம்மா சாகிறவரைக்கும் சொல்லிச் சொல்லி அழுதாங்க. திருந்திட்டாரு, திருந்திட்டாருன்னு அக்கா போன்ல சொல்லும். நான் நம்புனதே இல்ல. இப்ப பாருங்க. ஒரு நாள் பொறுக்க முடியல. மண்ணு காயல இன்னும்.”

“திலக்ஷா, விடுப்பா,” என்றான் முத்துலிங்கம்.

“இந்தாங்க.” திலக்ஷன் மீந்திருந்த போத்தலை அவன் கையில் திணித்தான். “முழுசையும் குடிங்க. எனக்கென்னா. இனி எனக்கு இந்த மலையில ஆளே கெடையாது.”

படியேறிப் போனான். குழி வெட்டியவர்கள் ஒவ்வொருவராகத் துண்டை உதறிக்கொண்டு, அவனைப் பார்க்காமல் மேலே போனார்கள். முத்துலிங்கம் கொஞ்ச நேரம் நின்றான். “குளிச்சிட்டு வா. சாம்பிராணி போடணும்,” என்று சொல்லிவிட்டு அவனும் போனான்.

ஜீவராஜ் பீலிக் கட்டின் மேல் உட்கார்ந்தான். சின்னப் போத்தலைத் திறந்து பக்கத்தில் வைத்தான். பெரிய போத்தலைத் திறந்ததும் வாசம் மூக்கில் ஏறியது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் வாயில் எச்சில் ஊறியது. அவனுக்கு வேண்டியிருந்தது. அதில் பொய் ஒன்றும் இல்லை. ஒரு மடக்கு. குளிருக்கு, அந்த வெறும் ஜன்னல் கட்டைக்கு, இனி வரப்போகிற இரவுகளுக்கு. யார் கேட்கப் போகிறார்கள்? எப்படியும் குடித்ததாகத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். வாங்காத அடிக்கு அழுவது மாதிரி, குடிக்காமலே பேர் வாங்கியாகிவிட்டது.

சின்னப் போத்தலின் வாயில் விளிம்பை வைத்து, சிந்தாமல் மெல்லச் சரித்தான். அடியில் ஒட்டிக் கிடந்த கோடு முதலில் அசையவில்லை. பிறகு ஒரு பக்கம் பெயர்ந்தது. பிறகு முழுவதும் விட்டு, ஒருமுறை சுழன்று, நடுவில் மிதந்து நின்றது. விளிம்பு வரை நிரப்பினான். மூடினான்.

பெரிய போத்தலில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தான். பக்கத்தில் கடல் இல்லை. கானில் ஊற்றலாம், ஆனால் அது அவன் பொருள் இல்லை. மூடியைத் திருகி, கை எட்டாத தூரத்தில், கட்டின் மறுமுனையில் வைத்துவிட்டு வந்தான். அப்போதுதான் படியில் நின்ற திலக்ஷனைக் கண்டான். பாதிப் படியிலேயே நின்றிருக்கிறான். எவ்வளவு நேரம் நின்றான் என்று தெரியவில்லை.

திலக்ஷன் இறங்கி வந்தான். பெரிய போத்தலைத் தூக்கி அளவு பார்த்தான். ஜீவராஜின் முகத்துக்குக் கிட்ட வந்து, கொஞ்சமும் கூச்சமில்லாமல் மோந்து பார்த்தான். பிறகு கட்டின் மேல் இருந்த சின்னப் போத்தலைப் பார்த்தான்.

“என்னது இது?”

“ஒன் அக்கா புடிச்சது. திருகோணமலையில.”

“புழுவா?”

“புழு இல்ல.”

“அப்ப மீனா?”

“மீனும் இல்லம்பா.” ஜீவராஜ் கட்டை விரலால் நெற்றியைத் தேய்த்தான். “ரெண்டுக்கும் நடுவுல நிக்கிறதாம். பேரு வாயில வரல. சாராயத்துலதான் மொதல்ல போட்டு வச்சா. என் போத்தல்ல இருந்து எடுத்து. நான் விட்டது அன்னைக்குத்தான்.”

திலக்ஷன் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். சின்னப் போத்தலைக் கையில் எடுத்து, துண்டால் வெளியே துடைத்தான். வானத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தான். சாராயத்தின் செந்நிறத்துக்குள் அது ஒல்லியாக, சாய்ந்து நின்றது. அவன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். போத்தலைத் திருப்பி மறுபக்கமும் பார்த்தான். அக்காவைப் போலவே புருவத்தைச் சுருக்கினான்.

“இதுல எது மச்சான் தல, எது வாலு?”

ஜீவராஜ் போத்தலை வாங்கினான். கிட்ட வைத்துப் பார்த்தான். அவள் எத்தனையோ தடவை காட்டியிருக்கிறாள். இந்தப் பக்கம், பாருங்க, வாயைச் சுற்றிச் சின்னச் சின்னதாக என்று. அவனும் ஒவ்வொரு தடவையும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியிருக்கிறான். இரண்டு பக்கமும் ஒரே கூராகத்தான் தெரிந்தது.

“இரு மச்சான், கேட்டுச் சொல்றேன்,” என்று வீட்டுப் பக்கம் திரும்பினான்.

மேலே லயத்து வாசலில் கட்டியிருந்த வெள்ளைத் துணி நனைந்து தொங்கியது. பந்தல் நாற்காலிகளை யாரோ ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஜீவராஜ் திரும்பிய கழுத்தைத் திருப்பவே இல்லை.

திலக்ஷன் அவன் கையிலிருந்து போத்தலை மெதுவாக எடுத்தான். மூடியை இன்னொரு தடவை இறுக்கினான்.